புதிய தொழில் சட்டம் வருகிறதாம்: தோட்டத்தில் இருப்பவர் எதைப் பார்க்க வேண்டும்?

தொழில் சட்டங்களைத் திருத்தப் போகிறோம் என்று கொழும்பில் ஒரு அறிவிப்பு வந்தால் போதும், மலையகத்தில் இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிடும். தோட்டத்தில் சங்கத் தலைவர் "இருக்கிறதையும் பறிக்கப் போறாங்க" என்பார். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ சின்னதாக ஒரு ஹோட்டல் நடத்துகிறவர் "இந்தப் பழைய சட்டத்தை வச்சுக்கிட்டு நாலு பேருக்கு வேலை குடுக்க முடியுமா" என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது கொழுந்து பறிக்கிற அக்காவும், கொழும்பில் கடையில் நிற்கிற அவருடைய மகனும்தான். சட்டத்தை மாற்றும்போது அரசாங்கம் எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்பதை இங்கே முடிந்தவரை எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், மாற்றம் ஏன் கேட்கிறார்கள்? நம் தொழில் சட்டங்களில் பெரும்பாலானவை வயதானவை. பிரசவ நன்மைகள் கட்டளைச்சட்டம் 1939, சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச்சட்டம் 1941, தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் 1942, கைத்தொழில் பிணக்குகள் சட்டம் 1950, கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் 1954. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு பிரச்சினைக்காக எழுதப்பட்டது, அதனால் ஒரே வேலையைச் செய்கிற இரண்டு பேர் இரண்டு சட்டத்தின் கீழ் வருவதும், யாருடைய சட்டத்திலும் சேராமல் ஒருவர் வெளியே நிற்பதும் சாதாரணம். வீட்டு வேலைக்குப் போகிற நம் பெண்கள் இன்றுவரை பல சட்டங்களின் பாதுகாப்புக்கு வெளியேதான் இருக்கிறார்கள். 2023இல், மனுஷ நாணயக்கார தொழில் அமைச்சராக இருந்தபோது, இப்படிச் சிதறிக் கிடக்கும் சட்டங்கள் பலவற்றைச் சேர்த்து ஒரே வேலைவாய்ப்புச் சட்டமாக்கும் யோசனை வந்தது, தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன, அது சட்டமாகவில்லை. ஆனால் யோசனை செத்துவிடவில்லை. ஆட்சி மாறினாலும் இந்தப் பேச்சு திரும்பத் திரும்ப வரும்.

ஒன்றாக்குவதில் தவறே இல்லை என்பதுதான் என் கருத்து. அப்படி ஒன்றாக்கும்போது எது விடுபடுகிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மனித உரிமைக் கடமை என்றால் என்ன?

மனித உரிமை என்றதும் நமக்குக் கைது, சித்திரவதை, காணாமல் போனோர் என்றுதான் ஞாபகம் வரும். வேலை, சம்பளம், ஓய்வு, சங்கம் இவையும் மனித உரிமைதான். பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் சேர்ந்தது. அதன் 6ஆம் உறுப்புரை வேலை செய்யும் உரிமையைச் சொல்கிறது. 7ஆம் உறுப்புரை நியாயமான சம்பளம், தனக்கும் குடும்பத்துக்கும் கௌரவமான வாழ்க்கை, பாதுகாப்பான வேலையிடம், ஓய்வு ஆகியவற்றைச் சொல்கிறது. 8ஆம் உறுப்புரை தொழிற்சங்கமும் வேலைநிறுத்தமும் பற்றியது. இதற்குப் பக்கத்தில் சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் சமவாயங்கள் இருக்கின்றன. கூட்டாகப் பேரம் பேசும் உரிமை பற்றிய 98ஆம் சமவாயத்தை இலங்கை 1972இலும், சங்கம் அமைக்கும் சுதந்திரம் பற்றிய 87ஆம் சமவாயத்தை 1995இலும் ஏற்றுக்கொண்டது.

நமக்கென்றே எழுதியது போல இன்னொன்றும் இருக்கிறது: பெருந்தோட்டங்கள் பற்றிய 110ஆம் சமவாயம், 1958இல் வந்தது. உலகத்தில் மிகச் சில நாடுகள்தான் அதை ஏற்றிருக்கின்றன, இலங்கை அதில் ஒன்று. சம்பளம், விடுமுறை, பிரசவம், சங்கம், வீடு, மருத்துவம் என்று தோட்ட வாழ்க்கை முழுவதையும் தொட்டுப் பேசுகிற சமவாயம் அது. தோட்டத்தில் எத்தனை பேருக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியும்? சங்கங்கள் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு.

சரி, இவ்வளவும் கையெழுத்தாகி இருக்கிறதே, அப்படியானால் நேரே நீதிமன்றத்துக்குப் போகலாமா? முடியாது. இலங்கையில் ஒரு சர்வதேச உடன்படிக்கை, நாடாளுமன்றம் அதற்கென்று சட்டம் இயற்றினால்தான் உள்நாட்டில் முழுப் பலம் பெறும். அதனால் உள்நாட்டுத் தொழில் சட்டங்கள்தான் அந்த வாக்குறுதிகளை நிறைவேற்றும் கைகள். அரசாங்கம் அவற்றில் ஒன்றை நீக்கினால் வெளியில் கொடுத்த வாக்குறுதி அப்படியே இருக்கும், உள்ளே அதை நிறைவேற்ற ஒன்றும் இருக்காது.

அரசியலமைப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். சமத்துவம் 12ஆம் உறுப்புரையில் இருக்கிறது, சங்கம் அமைப்பதும் அதில் சேர்வதும் 14ஆம் உறுப்புரையில் இருக்கின்றன, இவை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அந்த மனு அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிரானது, ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். தோட்டத்துக் கம்பனி செய்த காரியத்துக்கு அந்த வழி பொதுவாகத் திறக்காது. போதுமான உணவு, உடை, வீடு, வாழ்க்கைத் தரம் பற்றி 27ஆம் உறுப்புரை அழகாகப் பேசுகிறது, ஆனால் அதை வைத்து வழக்குப் போட முடியாது என்று 29ஆம் உறுப்புரை சொல்லிவிடுகிறது.

அப்போது சட்டத்தை மாற்றவே கூடாதா?

மாற்றலாம். நான் முதலில் சொன்ன பொருளாதார, சமூக உரிமைகள் உடன்படிக்கை, நாடுகளிடம் எல்லாவற்றையும் நாளைக்கே கொடு என்று கேட்கவில்லை, இருக்கிற வளத்தை முடிந்தவரை பயன்படுத்திப் படிப்படியாக முன்னே போ என்றுதான் கேட்கிறது. பின்னால் போவதைத்தான் சந்தேகத்தோடு பார்க்கிறது. பொருளாதார நெருக்கடிக் காலத்தில் உரிமைகளைக் குறைக்கும் நடவடிக்கை எடுக்கிற நாடு என்ன காட்ட வேண்டும் என்று இந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2012இல் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் எழுதியது. அந்த நடவடிக்கை தற்காலிகமாக இருக்க வேண்டும், அவசியமானதாகவும் அளவுக்கு மீறாததாகவும் இருக்க வேண்டும், பாரபட்சம் காட்டக் கூடாது, எந்த நிலையிலும் இதற்குக் கீழே இறங்க மாட்டோம் என்கிற அடிப்படைப் பாதுகாப்பு மீதி இருக்க வேண்டும்.

லயத்துக் (தோட்டத்து வரிசை வீடுகளின்) கூரையில் துருப்பிடித்த தகரத்தை மாற்றுவதை யாரும் எதிர்க்க மாட்டார்கள், ஆனால் பழைய தகரத்தை இப்போதே கழற்றுகிறோம், புதியது அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றால் மழைக்காலத்தில் பிள்ளைகளோடு எங்கே போவது?

நல்ல திசையில் போன திருத்தங்களும் நம் நாட்டில் உண்டு. முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து பிரசவ விடுமுறை பாதியாகக் குறைந்தது, 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். 2021இல் வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 14இலிருந்து 16 ஆனது, மலையகத்துப் பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளுக்கும் கடைகளுக்கும் கூட்டிப் போகிற வழக்கம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும்.

வேலை போனால் வீடும் போகும் இடம்

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். முதலாளிமார் அதிகம் மாற்றக் கேட்பது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால் அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும் என்கிறது அது. அனுமதி கிடைக்க நாளாகிறது, நட்டஈடு எவ்வளவு என்பதில் இழுபறி, அதனால் நிறுவனங்கள் நிரந்தரமாக ஆள் எடுக்கப் பயந்து மேன்பவர் ஏஜென்சி மூலம் எடுக்கின்றன என்பது அவர்களுடைய வாதம். இதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். கொழும்புக்குப் போன நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அப்படி ஏஜென்சி பெயரில்தான் வேலை செய்கிறார்கள், நியமனக் கடிதம் கூடக் கையில் இல்லாமல்.

ஆனால் இந்தச் சட்டத்தை எடுத்துவிட்டால் அதனிடத்தில் என்ன வரும்? பல நாடுகளில் வேலை போனவருக்குக் காப்புறுதியிலிருந்து சில மாதங்களுக்குக் கொடுப்பனவு வரும், அங்கே முதலாளி சுலபமாக ஆளை நிறுத்த முடிந்தாலும் அந்தக் குடும்பம் உடனே பட்டினிக்குப் போகாது. இலங்கையில் அப்படி ஒரு வேலையிழப்புக் காப்புறுதி இல்லை. முதலில் அதைக் கொண்டு வாருங்கள், அது ஓடுகிறதா என்று பார்ப்போம், அப்புறம் நிறுத்தும் விதியைத் தளர்த்துவது பற்றிப் பேசலாம். நான் சமநிலை என்று சொல்வது இந்த வரிசையைத்தான்.

தோட்டத்தில் இது இன்னும் ஒரு படி ஆழமாகப் போகிறது. கொழும்பில் ஒருவருக்கு வேலை போனால் வாடகை கட்டச் சிரமப்படுவார். தோட்டத்தில் வீடே வேலையோடு கட்டப்பட்டது. லயக் காம்பரா கம்பனி குத்தகைக்கு எடுத்த நிலத்தில் இருக்கிறது, குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட்டால்தான் (வேலைக்குப் போனால்தான்) அந்தக் காம்பராவில் நிம்மதியாக இருக்கலாம் என்ற நிலை பல இடங்களில் இன்னும் இருக்கிறது. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கிடைத்த குடும்பங்கள் உண்டு, இந்திய உதவியோடு கட்டப்படும் வீடுகளும் உண்டு, ஆனால் லயத்தில் இருப்பவர்கள் இன்னும் ஏராளம். அதனால் கொழும்பு மேசையில் தொழிலை முடிவுறுத்தல் பற்றிய பிரிவு என்று எழுதப்படுவது, டயகமவிலோ மஸ்கெலியாவிலோ வீட்டைப் பற்றிய பிரிவாகவும், தண்ணீர் பற்றிய பிரிவாகவும், பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போகும் என்பது பற்றிய பிரிவாகவும் ஆகிவிடுகிறது.

நான் முன்பு சொன்ன 110ஆம் சமவாயம் இதை யோசித்திருக்கிறது. தோட்ட வீட்டில் இருக்கும் தொழிலாளியை வேலையிலிருந்து நிறுத்தினால் வீட்டைக் காலி செய்ய அவருக்கு நியாயமான கால அவகாசம் கொடுக்க வேண்டும் என்று அதன் வீட்டுப் பகுதி சொல்கிறது. சமவாயத்தின் சில பகுதிகளை விட்டுவிட்டு மற்றதை ஏற்க நாடுகளுக்கு வழி உண்டு, அதனால் இதைக் கையில் பிடித்துக்கொண்டு வழக்காடலாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் 1958இலேயே உலகம் ஒத்துக்கொண்ட குறைந்தபட்ச அளவுகோல் இது. ஒரு புதிய சட்டமூலம் அதைவிடக் குறைவாகக் கொடுத்தால் அதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இதற்கு முன் ஒரு காலம் இருந்தது. தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக, கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். துண்டு இல்லாவிட்டால் அடுத்த துரை வேலை தர மாட்டார். கடனைச் சுமந்துகொண்டே தோட்டம் மாற வேண்டி இருந்தது. அந்த முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அதனால் சட்டத் திருத்தம் என்றாலே நம் மக்களுக்கு விரோதம் என்று நான் சொல்ல மாட்டேன்.

"நீங்கள் இனித் தொழிலாளி இல்லை"

நேரடியாக உரிமையைக் குறைக்கும் திருத்தத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். உங்களைத் தொழிலாளி என்ற வட்டத்துக்கு வெளியே நகர்த்தும் திருத்தம் கண்ணுக்குத் தெரியாது. பல வருஷங்களாகப் பெருந்தோட்டக் கம்பனிகள் நாட்சம்பளத்தை விட்டுவிட்டு, மலையைப் பிரித்துக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து, பறிக்கிற கொழுந்துக்குக் கிலோ கணக்கில் காசு தரும் முறையைப் பேசி வருகின்றன. சில தோட்டங்களில் நடைமுறையிலும் இருக்கிறது. நன்றாகப் பறிக்கிற குடும்பத்துக்குக் கையில் வரும் காசு கூடலாம், ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் காலையில் போய் நிற்க வேண்டியதில்லை, அதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல நான் யார்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், கம்பனி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குக் கம்பனி இன்னும் 3 வீதம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஐந்து வருஷமாவது வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம். 30 வருஷம் வேலை செய்தவர், 2024இல் நிர்ணயமான 1,350 ரூபா நாட்சம்பளத்தோடு ஓய்வு பெற்றால் 14 நாளுக்கு 18,900 ரூபா, 30 வருஷத்துக்கு 5,67,000 ரூபா. இவையெல்லாம் தொழிலாளி என்ற ஒரு சொல்லில் தொங்குகின்றன. அந்தச் சொல் போய் உற்பத்தியாளர், பங்காளர் என்று வேறொன்று வந்தால் சேமலாப நிதியும் போகிறது, பணிக்கொடையும் போகிறது, குளவி கொட்டினால் நட்டஈடு யார் தருவது என்ற கேள்வியும் எழுகிறது. பிரசவத்துக்கு 84 நாள் யார் கொடுப்பது? கூட்டாகப் பேரம் பேச எதிரில் யார் உட்காருவது?

இந்த முறையைத் தடை செய் என்று மனித உரிமைச் சட்டம் சொல்லாது. உண்மையில் ஒருவர் இன்னொருவருக்குக் கீழ்ப்பட்டு வேலை செய்கிறாரா என்று பார், பெயரைப் பார்க்காதே என்றுதான் சொல்லும். யாருடைய நிலம், யார் உரம் கொடுத்து அதற்குக் காசு வெட்டுகிறார், விலையை யார் தீர்மானிக்கிறார், கொழுந்தை வேறு இடத்தில் விற்க முடியுமா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கம்பனி என்று வந்தால், அந்த ஆள் தொழிலாளிதான்.

சம்பளம், இரவு வேலை, மலையில் பாதுகாப்பு

சம்பளத்தைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாயிற்று, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பு கம்பனிகளும் சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் போட்டன. அதில் சம்பளம் மட்டுமல்ல, வேலை நிபந்தனைகளும் இருந்தன. 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக நாளொன்றுக்கு 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தபோது ஒப்பந்தம் முறிந்தது. அதோடு ஒரு நாளில் பறிக்க வேண்டிய கிலோ கணக்கு ஏறியது, எடை குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்ற புகார் பல தோட்டங்களில் கிளம்பியது. 2024இல் 1,700 ரூபாவுக்கு வர்த்தமானி, கம்பனிகள் நீதிமன்றம் போக உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை, கடைசியில் 1,350 ரூபா. 2026 வரவு செலவுத் திட்டத்தில் கம்பனி 1,550, அரசு வருகைக் கொடுப்பனவாக 200, ஆக 1,750 என்ற அறிவிப்பு. பேரம் பேசும் மேசை உடைந்தால் வர்த்தமானி ஒரு எண்ணைத் தரும், ஆனால் அந்த எண்ணைச் சுற்றியிருந்த மற்ற நிபந்தனைகளைத் திருப்பித் தராது. 98ஆம் சமவாயம் கூட்டுப் பேரத்துக்கு ஏன் அவ்வளவு இடம் கொடுக்கிறது என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது.

பெண்களின் இரவு வேலை வேறு மாதிரியான சிக்கல். கடை, அலுவலகச் சட்டம் பெண்களை இரவில் வேலைக்கு வைப்பதை நீண்ட காலமாகக் கட்டுப்படுத்தி வந்திருக்கிறது. கணினிப் படிப்பு முடித்த நம் பெண்பிள்ளைகளுக்கு இது வேலை கிடைக்காமல் போகும் காரணமாகவும் ஆகிறது. பெண்களுக்கு எதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்றது. பெண்களைப் பாதுகாக்கப் போட்ட சட்டங்களையும் காலத்துக்குக் காலம் மீளாய்வு செய், தேவைப்பட்டால் மாற்று என்று அதன் 11ஆம் உறுப்புரையே சொல்கிறது. ஆக, தடையை எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் இரவு பதினொரு மணிக்கு வேலை முடிகிற பெண் ராகலைக்கு எதில் போவாள்? போக்குவரத்து, அவளுடைய விருப்பம், ஓய்வறை, கர்ப்பமாக இருந்தால் விலக்கு இவையெல்லாம் அதே சட்டத்தில் எழுதப்பட வேண்டும், பின்னால் ஒரு சுற்றறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது போதாது.

பாதுகாப்பான வேலையிடம் 2022இல்தான் சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்ந்தது. நம் 1942 கட்டளைச்சட்டமோ தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதியது. தேயிலைத் தொழிற்சாலைக்குள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவரை அது பார்க்கும், மலையில் குளவிக்கூட்டுக்குக் கீழே நிற்பவரைப் பார்க்காது. புதிய சட்டம் வரத்தான் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

எப்போது கேட்க வேண்டும்?

இலங்கையில் ஒரு சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டால் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று பிறகு எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது, 80ஆம் உறுப்புரை அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. சட்டமூலமாக இருக்கும்போதுதான் உயர் நீதிமன்றத்தில் எந்தப் பிரஜையும் கேள்வி எழுப்பலாம். அதற்கான காலமும் மாதக்கணக்கில் இல்லை, சட்டமூலம் நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியவுடன் நாட்கள் எண்ணப்படத் தொடங்கிவிடும். அதனால் வர்த்தமானியில் வரும் வரைவை அப்போதே தேடி எடுக்க வேண்டும், தமிழிலும் வரும். ஹட்டனிலோ பதுளையிலோ ஒரு சட்டத்தரணியிடமோ சங்க அலுவலகத்திலோ கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். 1996ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு, சட்டங்கள் சர்வதேச மனித உரிமைத் தரங்களோடு பொருந்துகின்றனவா என்று அரசுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பு இருக்கிறது, அங்கே எழுத்தில் அனுப்பலாம்.

வரைவு கைக்கு வந்தால் முதல் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டாம். கடைசிப் பக்கங்களில் பொருள்கோடல் என்று ஒரு பிரிவு இருக்கும். அதில் தொழிலாளி என்றால் யார் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள்: நாட்சம்பளக்காரர் இருக்கிறாரா, கைக்காசுக்கு (பறித்த கிலோவுக்குக் காசு வாங்கி) பறிப்பவர், ஏஜென்சி மூலம் வந்தவர், வீட்டு வேலை செய்பவர் இருக்கிறார்களா. அடுத்தது நீக்கப்படும் சட்டங்களின் பட்டியல். அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு சட்டத்தையும் எடுத்து, அதில் இன்று நமக்குக் கிடைப்பது புதியதில் எந்த இலக்கப் பிரிவில் வருகிறது என்று பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு போங்கள். இலக்கம் எழுத முடியாமல் வெறுமையாக நிற்கும் இடங்களை மட்டும் தனியாக ஒரு தாளில் எடுத்து, உங்கள் பகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடமும் சங்கத்திடமும் கொடுத்துப் பதில் கேளுங்கள்.